கெட்டி அட்டைத் தீர்மானம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் குழந்தையும் நலமா என்று கேட்பதுதான் முறை. இந்த மாதத்தில் அப்படிக் கேட்கிறவனுக்கு வெட்கம் வேண்டும். ஆகையால் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு முழுத்தாளில் ஒரே வரி. "அண்ணா, அவர் தூங்கிட்டாரா? உண்மையைச் சொல்லு." கீழே வெறும் தாள். நான் அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லை. மாப்பிள்ளை தூங்கவில்லை. பாய்லர் வெடித்தபோது விழித்துத்தான் இருந்தார். சொல்லப்போனால், அதற்கு முன் நாலு மாதமாக எங்கள் சோப்புக் கம்பெனியில் விழித்திருந்த ஒரே ஆள் அவர்தான். உன் மனசு ஆறட்டும் என்று இதைச் சொல்லவில்லை. அவர் கையெழுத்திலேயே சாட்சி இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு வரும் துணிப்பைக்குள் ஒரு நோட்டு இருக்கிறது. அதுதான் சாட்சி. பையை இப்போது பிரிக்காதே. கடிதத்தை முடித்துவிட்டுப் பிரி.

எங்கள் தெருக்கோடித் தையல்காரர் உன் ஊர்ப்பக்கம் போகிறார். பையை அவர்தான் நாலு பக்கமும் தைத்தார், உள்ளே என்ன என்று கேட்கவில்லை. கம்பெனித் தபால் அறை வழியாக அனுப்பியிருந்தால் இது உன்னிடம் வந்து சேராது.

ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் போதும். நீ கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வி இருக்கிறது. அவர் விழித்திருந்தார் என்றால் பிறகு எப்படி வெடித்தது? இத்தனை தாளும் அதற்காகத்தான்.

ஒரு நோட்டின் அட்டை கெட்டியாக இருக்க வேண்டுமா, மெல்லியதாக இருக்க வேண்டுமா என்று பெரிய மனிதர்கள் மூன்று கூட்டம் போட்டுப் பேசியதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இதைச் சிரிக்காமல் உட்கார்ந்து கேட்பதற்கு எனக்குக் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் தேவைப்பட்டது.

கம்பெனிக்கு ஐம்பது வயது ஆனது. கடைக்காரர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் கம்பெனிச் சின்னம் போட்ட ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும். பேனா என்றார்கள், பை என்றார்கள். கடைசியில் விளம்பரப் பிரிவுத் தலைவர் நோட்டு என்றார். "நோட்டை எவனும் தூக்கிப் போட மாட்டான் சார். எழுதாட்டியும் பத்திரமா வச்சிருப்பான்" என்றார். அந்த மனிதர் ஜோசியம் பார்க்கப் போயிருக்கலாம். சொன்னதெல்லாம் அப்படியே பலித்தது.

அதே சமயத்தில் அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து, தொழிலாளிகள் தாங்கள் பார்க்கும் குறையை எழுதிவைக்க இங்கே ஒரு ஏற்பாடும் இல்லை என்று குறிப்பு எழுதிவிட்டுப் போயிருந்தார். விளம்பரத் தலைவர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். தொழிலாளிகளுக்கான நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'இன்று நான் கண்ட குறை' என்று அச்சடித்துவிட்டால் போதும். பரிசுக்குப் பரிசும் ஆயிற்று, சட்டத்துக்குப் பதிலும் ஆயிற்று. பொது மேலாளர் அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கை கொடுத்தார்.

நோட்டுக் கம்பெனி ஏஜெண்ட் இரண்டு மாதிரி கொண்டுவந்தார். ஒன்று ஹார்டு கவர். நீலத் துணி ஒட்டிய கெட்டி அட்டை, தங்க நிறத்தில் அழுத்திய அன்னப்பறவை, உள்ளே பட்டு நாடா. அதைத் திறந்து பட்டென்று மூடிக் காட்டினார். "இந்தச் சத்தத்தைக் கேளுங்க சார். பெரிய மனுஷன் கார்க் கதவைச் சாத்துற மாதிரி இல்ல?" என்றார். பொது மேலாளர் அதை வாங்கித் தானும் இரண்டு முறை சாத்திப் பார்த்தார்.

மற்றது சாஃப்ட் கவர். அட்டை மெல்லியது, வழவழப்பானது. பள்ளிக்கூட நோட்டுப் போல நடுவில் தைத்தது. ஏஜெண்ட் தன் டீயை அதன்மேல் ஊற்றிக் கைக்குட்டையால் துடைத்துக் காட்டினார். சுருட்டி, விட்டு, நிமிர்த்திக் காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உற்சாகத்தில், "பின்பாக்கெட்ல சொருகிக்கிட்டு மேலேயே உக்காரலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

பொது மேலாளரின் முகம் மாறியது. "நம்ம சின்னத்து மேல உக்காரலாம்னு சொல்றீங்களா?" என்றார். "இருநூறு பேர் அன்னத்து மேல உக்காருவான். அதுக்கு நாம காசு குடுக்கணுமா?"

நானும் அந்த அறையில் இருந்தேன். கொள்முதல் அதிகாரி என்ற முறையில் ஒரு வார்த்தை சொன்னேன். பாய்லர் பக்கத்து ஆட்களுக்கு மேஜை கிடையாது, கெட்டி அட்டை நோட்டு எந்தப் பாக்கெட்டிலும் நுழையாது, எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். "நோட்டுக்குன்னு ஒரு மரியாதை இருந்தாத்தான் சார் அதுல எழுதணும்னு தோணும்" என்றார் விளம்பரத் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நடவடிக்கைக் குறிப்பை எழுதியதும் நான்தான். 'தொழிலாளர் நலனைக் கருத்தில் கொண்டு கெட்டி அட்டை ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

தேர்வாகாத மாதிரியை ஏஜெண்டுக்குத் திருப்பி அனுப்பிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அந்தச் சாஃப்ட் கவர் மாதிரியை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளை பாய்லரின் அழுத்தத்தை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவார். பரீட்சைக்குப் பிட்டு எழுதிய பையன் மாதிரி இடது கை முழுக்க எண்கள். கை கழுவுவதற்கு முன் உன் அண்ணியிடம் பழைய காலண்டர் தாள் கேட்டு அதில் பெயர்த்து எழுதுவார். "இந்தாங்க மாப்பிள்ளை, கையை நிம்மதியா கழுவுங்க" என்று அந்த மாதிரியைக் கொடுத்தேன். பதிவேட்டில் 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று எழுதினேன். ஆபீஸில் நான் எழுதிய முதல் பொய் என்று அதை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி நாளன்று எல்லோருக்கும் கெட்டி அட்டை நோட்டு கொடுத்தார்கள். நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். பிறகு அவை என்ன ஆயின என்பதை விசாரணைக்கு வந்த அதிகாரி கண்டுபிடித்தார். இருநூற்றுப் பதினாலு நோட்டையும் திரட்டி வரச் சொன்னார். ஒன்று ஆடுகிற கட்டில் காலுக்கு அடியிலிருந்து வந்தது. பலவற்றில் பிள்ளைகள் பூனை வரைந்திருந்தார்கள். மிச்சமெல்லாம் கண்ணாடித்தாள் உறைகூடப் பிரியாமல் பெட்டிகளில் இருந்தன. எண்ணெய்க் கையோடு தங்க அன்னத்தைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. மரியாதை முழுமையாக வேலை செய்திருந்தது.

மொத்தத்தில் ஒரே ஒரு குறை பதிவாகியிருந்தது. 'கேன்டீன் டீயில் சர்க்கரை இல்லை.' மறுநாளே கேன்டீன்காரரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். எழுதினால் உடனே நடவடிக்கை எடுப்போம் என்பதற்கு இதுவே உதாரணம் என்று பொது மேலாளர் விசாரணையில் சொன்னார்.

மாப்பிள்ளையின் பெட்டியிலிருந்த நோட்டும் உறை பிரியாமல்தான் இருந்தது. அதைத்தான் நீ பேப்பரில் படித்தாய். பாய்லர் இயக்குபவர் ஒரு குறையைக்கூடப் பதிவு செய்யவில்லை, விபத்துக்குச் சற்று முன் தலை தொங்கி உட்கார்ந்திருந்ததை ஷிஃப்ட் அதிகாரி பார்த்திருக்கிறார், ஆகவே தூங்கியிருக்கலாம். இடைக்கால அறிக்கையில் இருப்பது அவ்வளவுதான். 'இருக்கலாம்' என்பதைப் பேப்பர்காரர்கள் எடுத்துவிட்டார்கள்.

அன்று அவரோடு போன இரண்டு பேரும் சாம்பல் அள்ளுகிறவர்கள். அவர்களில் மூத்தவரின் மனைவி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைப் பார்த்து, "உன் புருஷன் மட்டும் தூங்காம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தாள், முடிக்க முடியாமல் சுவரில் சாய்ந்தாள். நீ பதில் சொல்லவில்லை. நான் உன் பக்கத்திலேயே நின்றிருந்தேன். நானும் சொல்லவில்லை. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் யாரோ என்னமோ கேட்டதாகவும், அவள் இப்போது போகமாட்டேன் என்று அடம் பிடிப்பதாகவும் பக்கத்து வீட்டம்மா உன் அண்ணிக்குப் போன் செய்து சொன்னார்கள். நீ சொல்லவில்லை. நீ எதைத்தான் சொல்லியிருக்கிறாய்?

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையைப் பன்னிரண்டு நாள் நாங்கள் பிரிக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் உன் அண்ணி துவைக்கலாம் என்று பிரித்தாள். துவைத்து என்ன செய்யப்போகிறோம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பேண்டின் பின்பாக்கெட்டில் நோட்டு இருந்தது. "நான் படிக்கல. அவர் கையெழுத்தைப் பாக்க முடியல. நீங்க பாருங்க" என்று என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நோட்டு அவரோடு வெந்து போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்று எழுதுகிறேன். வெந்து போயிருக்கட்டும் என்று இருந்தேன் என்பதுதான் சரி. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அது நிமிராது தங்கச்சி. நீ பிரிக்கும்போது பயந்துவிடாதே. நாலு மாதம் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் உடம்பின் வளைவு அதில் படிந்திருக்கிறது. மேஜையில் வைத்தால் இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஓரங்கள் நீராவியில் உப்பியிருக்கின்றன. எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. பென்சிலால் எழுதியிருக்கிறார்.

உனக்குப் படிக்கச் சுலபமாக இருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். பாய்லர்க்காரர்கள் நீராவி அழுத்தத்தைக் கிலோவில் சொல்வார்கள். எங்கள் பாய்லரில் பத்துக் கிலோவைத் தாண்டினால் பாதுகாப்பு வால்வு தானாக எழுந்து நீராவியை வெளியே விட வேண்டும். கடைசிப் பக்கத்துக்கு முன்பு வரை அவர் பெரும்பாலும் எழுதியிருப்பதெல்லாம் அந்த வால்வு பத்தரையில் எழுந்தது, பதினொன்றில் எழுந்தது, தட்டிய பிறகு எழுந்தது என்பதுதான். நடுநடுவே 'ஃபோர்மேனிடம் சொன்னேன்' என்று பதினேழு இடத்தில் இருக்கிறது. எண்ணினேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் இங்கேயே பெயர்த்து எழுதுகிறேன். நீ தனியாக உட்கார்ந்து முதல்முறை அவர் கையெழுத்தில் அதைப் படிக்க வேண்டாம்.

'மதியம் 1.40. பன்னிரண்டு கிலோ. வால்வு எழவில்லை. நிறுத்திவிடலாமா என்று ஷிஃப்ட் அதிகாரியிடம் கேட்டேன். சோப்பு பாதிக் கொதியில் இருக்கிறது, ரெண்டரை வரை ஓட்டு என்றார். நெருப்பைக் குறைத்திருக்கிறேன். 1.55. பன்னிரண்டரை. சாம்பல் ஆட்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னேன். உனக்கு எப்பவும் பயம்தான் என்று சிரிக்கிறார்கள். மறுபடி சொல்லப் போகிறேன்.'

வெடித்தது இரண்டு மணிக்கு. ஷிஃப்ட் அதிகாரி பார்த்ததும் பொய்யில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துதான் உட்கார்ந்திருந்தார். தொடையில் நோட்டை வைத்து இதை எழுதிக்கொண்டிருந்தார்.

இதுவரை எழுதியது நேற்று. இனி எழுதப்போவதை நேற்றே எழுதியிருக்கலாம், நேரம் இருந்தது. ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். பிறகு உன் அண்ணியுடைய செருப்புக்கும் போட்டேன்.

அந்த வால்வை மாற்றச் சொல்லி ஃபோர்மேன் கோரிக்கைச் சீட்டு எழுதினார் என்று உனக்குச் சொல்லவில்லை. எழுதினார். சீட்டு எங்கே வரும்? கொள்முதல் பிரிவுக்குத்தான் வரும். உன் அண்ணன் மேஜைக்கு.

எந்தப் பொருளுக்கும் மூன்று கம்பெனியின் விலைப்புள்ளி இருந்தால்தான் நான் கையெழுத்துப் போட முடியும். சீட்டோடு ஒன்றுதான் இருந்தது. 'மூன்று விலைப்புள்ளிகள் இணைக்கவும்' என்று எழுதித் திருப்பினேன். அந்தப் பழைய பாய்லருக்கு வால்வு செய்வது ஒரே கம்பெனிதான் என்று ஃபோர்மேன் எழுதி அனுப்பினார். 'அதற்கான சான்றிதழ் இணைக்கவும்' என்று எழுதினேன். நாங்கள் மட்டும்தான் செய்கிறோம் என்று அந்தக் கம்பெனியிடமே ஒரு தாள் வாங்கி இணைத்தார். 'ஒரு நிறுவனம் தனக்குத் தானே சான்று வழங்கிக்கொள்வது ஏற்புடையதல்ல' என்று எழுதினேன். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்து மேஜைக்காரருக்குப் படித்துக்கூடக் காட்டினேன்.

நோட்டுக்கு மட்டும் பதினோரு விலைப்புள்ளி வந்து குவிந்தது. நோட்டு யார் வேண்டுமானாலும் செய்வார்கள்.

அவசரம் என்றால் பொது மேலாளரின் கையெழுத்தோடு விதியைத் தளர்த்தலாம். அதுவும் விதியில்தான் இருக்கிறது. ஒரு புதன்கிழமை வால்வுக் கோப்பை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அன்னத்துக்கு எந்தத் தங்க நிறம் என்று முடிவு செய்ய நாலு துண்டு மினுக்குத் தாளும் கையில் இருந்தது. முதலில் அதைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழந்தை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான். இந்த மூணாவது" என்றார். வால்வுக் கோப்பு என் கக்கத்தில் இருந்தது. எடுத்தால் அந்த முகம் சுருங்கும். இன்னொரு நாள் காட்டிக்கொள்ளலாம் என்று வெளியே வந்துவிட்டேன். விதி என்னைத் தடுத்தது என்று ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தாயிற்று. அன்றைக்கு விதி தடுக்கவில்லை. கதவு திறந்திருந்தது, அவர் நல்ல மனநிலையில் இருந்தார், பேனா அவர் கையிலேயே இருந்தது.

மாப்பிள்ளை இதை வீட்டில் வைத்து என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மச்சான், பாய்லருக்கு உங்க ரூல் தெரியாது" என்றார். "ரூலுக்கும் பாய்லரைத் தெரியாது மாப்பிள்ளை" என்றேன். இருவரும் சிரித்தோம். நல்ல பதில் சொல்லிவிட்டதாக நான் நினைத்தேன். இன்னொரு வாய் சோறு வாங்கிக்கொண்டேன்.

அதை அவர் எழுதியிருக்கிறார். முன்னாலிருந்து ஒன்பதாவது தாள். 'பதினொன்றில் எழுந்தது. வால்வுக் கோப்பு மச்சான் மேஜையிலிருந்து மூன்றாம் முறை திரும்பிவிட்டது. வீட்டில் சொன்னேன். சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, அவர் நிலைமை அப்படி. பாவம்.'

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். இரும்பு ஸ்கேலை வைத்து அந்தத் தாளைக் கிழிக்கத் தொடங்கினேன். மேலிருந்து ஒரு அங்குலம் வந்திருக்கும். நோட்டின் பின்பகுதியில் வேறொரு தாள் அசைந்தது. நடுவில் தைத்த நோட்டு அல்லவா? முன்னால் ஒரு தாளைக் கிழித்தால் பின்னால் அதன் ஜோடி கழன்று கையோடு வந்துவிடும். எந்தத் தாள் என்று புரட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒன்பதாவது. அவர் கடைசியாக எழுதிய பக்கம் அதில்தான் இருக்கிறது.

என்னைக் காட்டிக்கொடுக்கிற தாளும் அவரைக் காப்பாற்றுகிற தாளும் ஒரே தாளின் இரண்டு பாதி. ஒன்றைக் கிழித்தால் மற்றது உதிரித் தாளாகிவிடும். ஜோடி எங்கே, இதைப் பிறகு சொருகியிருக்கிறார்கள் என்று கம்பெனி வக்கீல் ஒரு நிமிஷத்தில் தூக்கி எறிவார். ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

மனசாட்சி தடுத்தது என்று எழுத ஆசைதான். தையல் தடுத்தது. கெட்டி அட்டை நோட்டு, தாள் தாளாக ஒட்டியது. "ஒண்ணைக் கிழிச்சா பக்கத்துத் தாளுக்குத் தெரியவே தெரியாது சார்" என்று ஏஜெண்ட் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளை அதில் எழுதியிருந்தால் இன்றைக்கு உன் அண்ணன் நாணயமானவன். அந்த ஒரு அங்குலக் கிழிசலைப் பற்றி யாராவது கேட்டால், நீராவியில் கிழிந்தது என்று நீ சொல்ல வேண்டாம். அது என்னுடையது.

பொது மேலாளர் போன வாரம் கூப்பிட்டு ரொம்பப் பிரியமாக விசாரித்தார். "உங்க மாப்பிள்ளை வேற எதுலயாவது எழுதி வைக்கிற பழக்கம் உண்டா?" என்றார். "உள்ளங்கையில எழுதுவார் சார்" என்றேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

இடைக்கால அறிக்கையில் ஒன்பது பரிந்துரைகள். கம்பெனி ஏழாவதை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தொழிலாளிகள் எப்போதும் உடன் வைத்துக்கொள்ளும்படி நோட்டு மெல்லிய அட்டையில் இருக்க வேண்டுமாம். மறுபடி கூட்டம் போட்டோம். அன்னத்தை அட்டையின் உள்பக்கம் அச்சிட்டுவிட்டால் யாரும் அதன்மேல் உட்கார்ந்ததாக ஆகாது என்று விளம்பரத் தலைவர் வழி கண்டுபிடித்தார். மறுபடியும் கை கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு மூன்று பேரின் பெயரையும் போடலாமா என்று ஒருவர் கேட்டார். தூங்கியவர் பெயரை எப்படிப் போடுவது என்று இன்னொருவர் கேட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

புதுப் பாய்லர் வருகிறது. அதன் வால்வுக்கும் ஒரே விலைப்புள்ளிதான் வந்தது. இந்த முறை நானே கையெழுத்துப் போட்டு வாங்க உத்தரவு கொடுத்துவிட்டேன். விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு நேற்று மெமோ வந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு வந்த முதல் மெமோ. வர வேண்டியதற்கு வரவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. இறந்தவர்களின் குடும்பத்தார் தரும் ஆவணங்களை விசாரணை அதிகாரி இருபதாம் தேதி மாலை வரை வாங்குவார். என்னைப் போல வேலையில் இருப்பவர்கள் எந்தத் தாள் கிடைத்தாலும் கம்பெனி வக்கீலிடம்தான் தர வேண்டும் என்று உத்தரவு. அதனால்தான் உனக்கு அனுப்புகிறேன். நீ அவர் மனைவி. உன் கையிலிருந்து யாரும் பிடுங்க முடியாது. முதலில் எல்லாப் பக்கத்தையும் இரண்டு பிரதி ஜெராக்ஸ் எடுத்துக்கொள். அதிகாரியிடம் நேரில் கொடு. பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. ஒரு பிரதியை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னிடம் பேசிய சாம்பல் அள்ளுகிறவரின் மனைவிக்கு அனுப்பு. அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, யாரையாவது கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல். இந்தக் கடிதத்தையும் நோட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடு. ஒவ்வொரு தாளின் அடியிலும் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

குழந்தையிடம் அப்பா தூங்கவில்லை என்று இன்றைக்கே சொல். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்கு முன் சொல். மாமாவைப் பற்றி எப்போது சொல்வது என்பது உன் இஷ்டம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒன்பதாவது தாளைப் படித்ததும் உன் புத்தி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தாள் இல்லாமல் கொடுக்க ஏதாவது வழி உண்டா, யாரிடமாவது கேட்கலாமா என்று யோசிப்பாய். ஆறு வயதில், நான் உடைத்த கண்ணாடிக்கு நீ உடைத்ததாகச் சொல்லி அப்பாவிடம் அடி வாங்கினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை வேண்டாம்மா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், முழுசாகக் கொடு.

நீயும் அவளும் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு.

இன்னும் இப்படிப் போட்டுக்கொள்ள விடுவாய் என்ற நம்பிக்கையில்,
உன் அண்ணன்